சிரிப்பு யார் மேல் விழுகிறது?

அவையோரைச் சிரிக்க வைப்பதுதானே நகைச்சுவை நடிகனின் வேலை? அவர்களுடைய சாதிப் பெருமையையும் இனச் செருக்கையும் சீண்டுவானேன்? என்று கேட்கின்றனர் சில கண்ணியவான்கள். பதில், நம் நாட்டு மேடையிலேயே இருக்கிறது.

1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்திலே, கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் கிந்தனார் காலட்சேபம் நிகழ்த்தினார். நந்தனார் கதை கேட்டுக் கண்ணீர் உகுத்துப் பழகியது தமிழகம். தில்லை காண ஏங்கிய நந்தன் தீயிலே மூழ்கினான், தூயவனானான் என்றனர். தீ எதற்கு என்று கேட்டோர் சிலரே! கலைவாணரின் கிந்தனோ, தில்லையை நாடவில்லை. ரயிலேறிப் பட்டணம் சென்று படித்தான். சிரித்தவன் நெஞ்சிலே ஒரு முள்: நந்தனுக்காக அழுத நான், என் ஊர்ப் பள்ளியிலே கிந்தனை உட்காரவிட்டேனா?

நடிகவேள் எம். ஆர். ராதா, 1954-இல் இராமாயணத்தையே நாடகமாக்கினார். அவ்வாண்டிலேயே நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது சென்னை அரசு. சிரிப்புக்கு ஒரு சட்டமா? ஆம்! சிந்திக்க வைக்கும் சிரிப்புக்கு ஆதிக்கம் என்றுமே அஞ்சும்.

ஆனால் தோழர்களே, எதிரியைச் சீண்டும்போது கைதட்டுவது எளிது. நம்மைச் சீண்டினால்?

இருங்காட்டுக்கோட்டையைப் பாருங்கள். 1998-இல் கார் உற்பத்தி தொடங்கிய ஊர். இன்று ஒரகடம் வரை ஆலைகள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவன், நம் தோழனோடு தோள் சேர்ந்து உழைக்கிறான். அவனுக்கு நம்மிலே பலர் சூட்டிய பெயர் ‘வடக்கன்’! அவன் பேச்சு கேலி, உடை கேலி, வறுமையும் கேலி. இந்தி ஆதிக்கத்தை எதிர்ப்பது கொள்கை; இந்தி பேசும் ஏழையை இழிப்பதும் கொள்கையா? இலங்கைத் தோட்டத்திலே உழைத்த தமிழனைக் ‘கள்ளத்தோணி’ என்றபோது கொதித்தோமே, அந்தக் கொதிப்பு எங்கே? கறுத்த மேனியைக் காட்டியே கைதட்டல் வாங்கிய நம் திரைப்பட நகைச்சுவையும் இதே குட்டையில் ஊறிய மட்டைதான்.

கலைக்கு அளவுகோல் ஒன்றே. சிரித்து முடித்ததும் தலைகுனிபவன் யார்? தாழ்த்தப்பட்டவன் குனிந்தால், அது வெறும் ஏச்சு. அவனைத் தாழ்த்தியவன் குனிந்தால், அது கலை.

இருங்காட்டுக்கோட்டைக்கு இன்று ஒரு கலைவாணர் தேவை. அவர் வந்தால், முதலில் நம்மைத்தான் சீண்டுவார். அன்றும் கைதட்டுவோமா?