விலங்கியற் பெயரின் அசைப்பகுப்பும் தமிழ் எழுத்தும்

பங்காருபாளையம் எனத் தமிழில் எழுதுங்கால் முதற்கண் நிற்கும் பகரம் தெலுங்கின் ஒலிப்புடைப் பகரத்தைக் காட்டுவதில்லை. ஆயினும் சித்தூர் மாவட்டத்து இருமொழியாளர் அதனைப் பிழைபட ஒலிப்பதில்லை. ஊர்ப்பெயர் செவிவழி வந்தது. விலங்கியற் பெயருக்கு அச்செவிவழக்கு இல்லை, எழுத்தே வழிகாட்டி. சித்தூரினின்று 2022இல் பிரிந்த திருப்பதி மாவட்டத்துத் திருமலையில் வாழும் பொன்னிறப் பல்லியின் பெயர் இதற்குத் தக்க சான்று. தெலுங்கில் அது பங்காரு பல்லி.

பெடோம் 1870இல் இதற்குக் 'கலொதக்திலுஸ் ஔரெயுஸ்' எனப் பெயரிட்டார். அப்பேரினப் பெயர் முன்னரே வேறோர் உயிரினத்திற்கு உரியதாயிருந்தமையின், 1926இல் ஸ்டிராண்ட் அதனைக் 'கலொதக்திலோதேஸ்' என மாற்றினார். அழகு, விரல், போன்றது என்னும் பொருளுடைய கிரேக்கக் கூறுகள் இதில் அமைந்துள்ளன. இலத்தீனில் ஈற்றயலசை நீளின் அழுத்தம் அதன்மேல் விழும். குறுகின் அதற்கு முன்னசைமேல் விழும். பழைய பெயரில் 'தக்' அழுத்தம் பெற, புதிய பெயரில் 'லோ' பெறுகின்றது. ஈறு மாற, அழுத்தமும் இடம்பெயர்ந்தது.

உரோமன் எழுத்து இவ்வேறுபாட்டைக் காட்டாது. அதில் குறில் ஒகரத்திற்கும் நெடில் ஓகாரத்திற்கும் வடிவம் ஒன்றே. தமிழெழுத்து காட்டும். அவ்வாறிருந்தும் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பின்பற்றிக் 'கேலோடாக்டைலோட்ஸ்' என எழுதுவது கைப்பொருளை எறிந்துவிட்டுக் கடன் கேட்பது போன்றது. அவ்வடிவில் இறுதி அசையே மறைந்துவிடுகின்றது. டகரமும் வேண்டுவதன்று. மூலத்தின் பல்லொலிகளுக்குத் தகரமே பொருந்தும். உயிரிடை அது ஒலிப்புடையதாகவும், 'பக்தி' என்பதிற்போலக் ககர ஒற்றின்பின் ஒலிப்பிலதாகவும் தானே அமைகின்றது. ஒலிப்புடை எழுத்தால் தொடங்கும் பெயர்களில் இவ்வசதி இல்லையென்பது உண்மையே. பங்காருபாளையமே அதற்குச் சான்று.

அனைத்துலக விலங்கியற் பெயரீட்டு விதித்தொகுதி எழுத்துக்கூட்டலை வரையறுப்பதன்றி ஒலிப்பை வரையறுப்பதில்லை. ஆதலின் உரோமன் வடிவை அருகே வைத்துத் தமிழ் வடிவை ஒலிப்புக்கெனவே அமைத்துக்கொள்ளத் தடையில்லை.

மொழிபெயர்ப்பாளரை இடர்ப்படுத்துவது 'அசை' என்னும் கலைச்சொல். மொழியியலார் கருத்துப்படி இப்பெயர் க-லொ-தக்-தி-லோ-தேஸ் என ஆறசையுடையது. யாப்பிலக்கணப்படி கலொ, தக், திலோ, தேஸ் என நிரை, நேர், நிரை, நேராய் நான்கே. 'ஔரெயுஸ்' முன்னதில் மூன்று, பின்னதில் இரண்டு. அதன் யகரமோ மூலத்தில் இல்லாத உடம்படுமெய். ஒலிப்புக் குறிப்பில் எவ்வசை கொள்ளப்பட்டது என்பதைக் கூறாது எண்ணிக்கை மட்டும் தரின், அழுத்தம் பெறும் 'லோ' தனியசையாகத் தோன்றாது 'திலோ'வுள் அடங்கிவிடும்.