காத்தலும் வகுத்தலும்: மத்திய வங்கிச் சட்டம் பற்றிய ஒரு திறனாய்வு

இலக்கியத்தை மட்டுமன்றிச் சட்டத்தையும் திறனாய்வுக்குரிய நூலாகக் கொள்ளலாம். எச்சொல் முன்னிற்கின்றது, எச்சொல் பின்தள்ளப்படுகின்றது என்பதைக் கொண்டு அதனை இயற்றியோர் கருத்தை அறியலாம். இம்முறையில் நம் நாட்டு மத்திய வங்கியின் சட்டத்தை ஈண்டு நோக்குவாம்.

ஜோன் எக்ஸ்டரின் அறிக்கை வழி எழுந்த 1949 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்க நாணய விதிச் சட்டம், பணப்பெறுமதியின் உறுதியோடு உயர்ந்த உற்பத்தி, வேலைவாய்ப்பு, நாட்டு வளங்களின் முழு வளர்ச்சி ஆகியவற்றையும் வங்கியின் குறிக்கோள்களாக விதித்தது. 2002 ஆம் ஆண்டுத் திருத்தம் பொருளாதார, விலை உறுதியையும் நிதிமுறைமையின் உறுதியையும் மட்டுமே குறிக்கோள்களாக்கிற்று. வளங்களின் வளர்ச்சி அத்தொடரின் இறுதிக்குச் சென்றது. 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்திலோ உள்நாட்டு விலை உறுதியே தலையாய குறிக்கோள்.

இம்மாற்றம் காரணமின்றி நிகழ்ந்ததன்று. 2022 செப்ரெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் வழிப் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மிற்று. அரசின் செலவுக்குப் பணம் அச்சிட்டமையும் அதற்கொரு காரணம். அதனைப் புதிய சட்டம் தடுத்தமை பாராட்டற்பாலது. விலையேற்றம் ஏழைக்கே முதற் பகை.

ஆயினும் காக்கப்பட்ட பணம் யாரிடம் செல்கின்றது? புத்தளக் கரையிலுள்ள உடப்பை எடுத்துக்கொள்வோம். சோளகக் காற்று அடங்கிக் கடல் தணியும் மாதங்களிலேயே அங்குக் கரைவலை இழுக்கப்படும். வலைக்கும் வள்ளத்துக்கும் கயிற்றுக்கும், இழுப்போர்க்குரிய முற்பணத்துக்கும், மீன் கரையேறுமுன்னரே பணம் வேண்டும். வங்கி காணியுறுதி கேட்கின்றது. தென்னந்தோட்டக்காரரிடம் உறுதி உண்டு. கடலுக்கு உறுதி ஏது? ஆதலின் மீன் வாங்கும் வியாபாரியிடம் கடன்பட நேர்கின்றது. கடன் கொடுத்தவரே மீனுக்கு விலையும் சொல்வார்.

2022 இன் இறுதியில் திறைசேரி உண்டியலின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அரசுக்குக் கடன் கொடுத்து அத்துணை வட்டி பெறக்கூடிய வங்கி, காற்றையும் மீனையும் நம்பிய கரைவலைக்காரரை நாடுமா? பண்டத்தை விளைவிக்க வேண்டிய பணம் பணத்தையே விளைவிக்கும் இந்நிலையினையே பொருளியலார் நிதிமயமாதல் என்பர்.

கிராமக் கடன் 1961 இல் தோன்றிய மக்கள் வங்கி போன்றவற்றின் பணி, மத்திய வங்கியின் பணியன்று என்பாருமுளர். அக்கூற்றில் உண்மையுண்டு. எனினும் அவ்வங்கியும் இலாபநட்டக் கணக்குக்கு உட்பட்டதே. அதே உண்டியல் அதன் முன்னும் கிடக்கின்றது.

திருவள்ளுவர் இறைமாட்சியில் பொருளை உண்டாக்குதல், சேர்த்தல், காத்தல் ஆகியவற்றோடு வகுத்தலையும் அரசின் திறமாகக் கூறினார். 1949 ஆம் ஆண்டுச் சட்டம் உண்டாக்குதலையும் எண்ணிற்று. புதிய சட்டம் காத்தலை நன்கு செய்கின்றது. வகுத்தலைத் தெளிவாக ஏற்கும் சட்டத்தையே இன்னும் காணோம். வலையையும் கூட்டுறவுச் சங்கத்தின் பிணையையும் ஈடாக ஏற்றுப் பருவக்கடன் வழங்குதலை அரச வங்கிகளின் கடமையாக எழுதும் நாளிலேயே இச்சீர்திருத்தம் நிறைவெய்தும்.