பெர்த்தும் பட்டிக்காடுதான்

மயிலாப்பூரில் இப்போதெல்லாம் ஜாதகத்தோடு விசா எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். “பையன் ஆஸ்திரேலியாவுல. பி.ஆர். இன்னும் வரல, ஃபோர் நைன்டி ஒன்” என்று சொல்லும்போது தரகரின் குரல் அரைக்கட்டை இறங்கிவிடுகிறது.

491 என்பது 2019 நவம்பரில் வந்த விசா. ஐந்தாண்டு செல்லும். பெருநகரங்களுக்கு வெளியே மூன்றாண்டு இருந்து, அந்த வருடங்களுக்கான வரி மதிப்பீட்டு ஆணைகளைக் காட்டினால், 191 என்னும் நிரந்தர விசாவுக்கு மனுப் போடலாம். ஆள் இல்லாத ஊருக்கு ஆள், ஊர் தேடும் ஆளுக்கு ஊர். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை.

இதனால் பலன் பெற்றவர்கள் உண்டு, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியப் புள்ளிக் கணக்கில் 25 முதல் 32 வயதுவரை 30 புள்ளி. நாற்பதைத் தொட்டால் அது 15 ஆகிவிடும். வயது பறித்த அந்தப் 15 புள்ளியை 491 அப்படியே திருப்பித் தருகிறது. குறைந்தபட்சம் 65 என்று விதி சொன்னாலும், நேரடி நிரந்தர விசாவுக்கு அழைப்பு வர அதைவிட நிறைய வேண்டியிருக்கிறது. பிள்ளை, வீட்டுக் கடன் என்று நடு வயதில் நிற்பவருக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு பல நேரம் இதுதான். தமிழ்கூட 5 புள்ளி தருகிறது, மொழிபெயர்ப்புத் தேர்வில் தேறினால். பள்ளியில் மார்க்குக்காகத் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்த அடையாறு பிள்ளைகள் முப்பது வயதில் அந்தத் தேர்வுக்குப் படிப்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் திருப்தியும் வருகிறது.

சிக்கல் ‘பெருநகரங்களுக்கு வெளியே’ என்பதில் தொடங்குகிறது. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றும் நீங்கலாக நாடு முழுவதும் இந்தக் கணக்கில் ‘பிராந்தியப் பகுதி’. இருபது லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெர்த் அதில் சேர்த்தி. அடிலெய்டும் சேர்த்தி. தலைநகர் கான்பெராவே சேர்த்தி! சென்னை, கோவை, மதுரையைக் கழித்துவிட்டுத் திருச்சியையும் சேலத்தையும் குக்கிராமம் என்று அரசாணை போட்டால் எப்படி இருக்கும்? தியாகராய நகரில் மாடிப்படி ஏறிப் போய் விசா ஆலோசனை கேட்பவர் அடுத்து என்ன கேட்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. “ரீஜினல்னா பெர்த் ஓகேதானே சார்?” ஓகேதான். கோதுமை வயலுக்கு நடுவே கணக்காளர் கிடைக்காமல் தவிக்கும் சின்ன ஊருக்கு மட்டும் யாரும் வருவதில்லை. அந்த ஊரின் பெயரைச் சொல்லித்தான் திட்டமே விற்கப்பட்டது.

சரி, சின்ன ஊருக்கே போனவர் கதை? ஆளை அனுப்புகிறது விசா. வேலை தேடுவது அவர் பாடு. சாஃப்ட்வேர்காரர் விசாவுக்கான தொழில் பட்டியலில் இருக்கிறார் என்பதாலேயே அந்த ஊரில் சாஃப்ட்வேர் நிறுவனம் இருக்க வேண்டும் என்றில்லை. அவர் கிடங்கில் பெட்டி அடுக்கியோ டாக்சி ஓட்டியோ மூன்று வருடத்தைக் கழித்துவிட்டு நான்காவது வருடம் மெல்பர்னுக்கு வண்டி ஏறினால், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேலையும் ஊரும் பொருந்துகிற துறை மருத்துவம். அதில் அமெரிக்கர்களுக்கு அனுபவம் அதிகம். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்த வெளிநாட்டு மருத்துவர் தாயகம் திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும் என்பது விதி. மருத்துவர் போதாத பகுதியில் மூன்றாண்டு முழுநேர வேலைக்கு ஒப்புக்கொண்டால் அதிலிருந்து விலக்கு உண்டு. வட டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராடின் பெயரில் 1994-இல் வந்த திட்டம் இது. இப்போது மாநிலத்துக்கு வருடம் 30 பேர். அதே 1994-இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆபிரகாம் வர்கீஸ், டென்னசி மாநிலத்தின் ஜான்சன் சிட்டியில் எய்ட்ஸ் நோயாளிகளைக் கவனித்த அனுபவத்தை ‘மை ஓன் கன்ட்ரி’ என்று புத்தகமாக்கினார். அவர் அந்த ஊருக்குப் போனது இந்தத் திட்டத்துக்கு முன்பே. வெள்ளைக்கார மருத்துவர் வரத் தயங்கும் மலையோரச் சிற்றூருக்கு நம் சென்ட்ரலுக்கு எதிரே படித்தவர் போய் வைத்தியம் பார்ப்பது புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கே தேவை நிஜம், திறமையும் வீணாவதில்லை. ஆனாலும் இந்தியருக்கு மூன்றாண்டு மூன்றாண்டோடு முடிவதில்லை. கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற உச்சவரம்பால் வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அதுவரை ஹெச்-1பியில், ஏதாவது ஒரு முதலாளியின் மனுவை நம்பியே காலம் தள்ள வேண்டும். வேலை நேரம் மிஞ்சினாலும் சம்பளம் குறைந்தாலும் ‘போய் வருகிறேன்’ என்று சொல்ல முடியாத மருத்துவர் அவர். 2025 செப்டம்பரில் புதிய ஹெச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தபோது, கவலைப்பட்டவர்களில் கிராமப்புற மருத்துவமனைகளும் இருந்தன.

இதே சரக்கு நம் ஊரிலும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த அரசு மருத்துவருக்குப் பட்ட மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு தருகிறது தமிழ்நாடு. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. கல்வராயன் மலையில் போஸ்டிங் என்றால் முகம் சுருங்கும் அதே அடையாறு குடும்பம், ஆஸ்திரேலியாவின் டப்போவில் போஸ்டிங் என்றால் ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கிறது.

கனடா வேறு விதமாக யோசித்தது. 2019-இல் அறிவித்த கிராமப்புற, வடபகுதிக் குடியேற்ற முன்னோட்டத் திட்டத்தில் தண்டர் பே, பிராண்டன், மூஸ் ஜா முதலிய 11 ஊர்கள் சேர்ந்தன. உள்ளூரில் வேலை உறுதி வேண்டும், ஊரின் பரிந்துரையும் வேண்டும். அதாவது ஊரே ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. 2024-இல் அது முடிந்து, 2025-இல் 14 ஊர்களோடு அடுத்தது தொடங்கியது. இதிலும் பிடி முதலாளி கையில்தான். ஆனால் நிரந்தர வசிப்புரிமை கைக்கு வந்தபின் அந்நாட்டு உரிமைச் சாசனத்தின் ஆறாம் பிரிவு எந்த மாகாணத்துக்கும் போகும் சுதந்திரம் தருகிறது. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இட்லி கிடைக்கும்போது மூஸ் ஜாவில் எத்தனை பேர் தங்குவார்கள்? ஓட்டைதான். என்றாலும் காலைக் கட்டிப்போடும் ஆஸ்திரேலிய முறையைவிட, போனால் போகட்டும் என்று திறந்துவிடும் இதை நான் மேலென்பேன். போக முடிந்தும் தங்கினவர்தான் அந்த ஊர்க்காரர்.

ஒரு ஊர் ஆளை வேண்டும் என்று எப்படிக் கேட்கும் என்பதற்கு உதாரணம் எந்தப் புள்ளிப் பட்டியலிலும் இல்லை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் பிலோயிலா, ஆறாயிரம் பேர் அளவிலான ஊர். அங்கே குடியிருந்த ஈழத் தமிழ்க் குடும்பம் ஒன்றை 2018 மார்ச்சில் அதிகாரிகள் விடிகாலையில் வந்து பிடித்துப் போனார்கள். கணவர் இறைச்சி ஆலைத் தொழிலாளி. திறன் விசாவுக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாதவர். கிறிஸ்துமஸ் தீவுவரை கொண்டுபோய் அடைத்தார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. நான்கு வருடம் மனு, போராட்டம், கோர்ட் என்று அலைந்து 2022 ஜூனில் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் நிரந்தர விசா வந்தது.

மயிலாப்பூருக்குத் திரும்புவோம். 491-இல் மணமாகாதவருக்கு 10 புள்ளி. ஆங்கிலமும் தொழில்திறனும் உள்ள துணை இருந்தாலும் 10 புள்ளி. அந்தத் துணைக்கு அந்த ஊரில் வேலை இருக்கிறதா என்பதற்குப் புள்ளி எதுவும் இல்லை. பெண் வீட்டில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். “எங்க பொண்ணு இங்க டீம் லீடா இருக்கா. அந்த ஊர்ல அவ என்ன பண்ணுவா?” தரகர் அடுத்த ஜாதகத்தை எடுக்கிறார்.