பத்தாண்டு பேட்டரி, ஓராண்டுக் கட்டணம்

கூரையில் சோலார் பேனலும் கார் ஷெட்டில் பேட்டரியும் உள்ள பிரிட்டன் வீட்டுக்காரருக்கு மின்சாரம் வாங்க ஒரு விலை, விற்க ஒரு விலை. இரண்டும் கம்பெனிக்குக் கம்பெனி, மணிக்கு மணி மாறும். எந்தத் திட்டத்தில் சேருவது என்பது அங்கே தனி வித்தையாகவே வளர்ந்துவிட்டது. அந்த வித்தையில் நிஜமான லாபம் உண்டு. ஆனால் அது நிற்கும் தரை உறுதியானதல்ல.

2010 ஏப்ரலில் தொடங்கி 2019 மார்ச் வரை புதியவர்களைச் சேர்த்துக்கொண்ட பழைய அரசுத் திட்டத்தில், பேனல் போட்டவருக்கு இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு விலைவாசியோடு சேர்ந்து ஏறும் தொகை உறுதி. 2020 ஜனவரியில் அதன் இடத்துக்கு வந்த ஏற்பாடு, 1,50,000 வாடிக்கையாளர்களுக்கு மேல் உள்ள கம்பெனிகள் வீட்டு மின்சாரத்தை விலை கொடுத்து வாங்கியாக வேண்டும் என்று மட்டுமே சொன்னது. அந்த விலை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் போதும். எத்தனை ஆண்டுக்கு என்ற பேச்சே இல்லை. அரசு பார்த்த கணக்கு அன்றோடு குடும்பத்தின் தலையில் இறங்கியது.

இன்று கிடைக்கும் திட்டங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். நள்ளிரவுக்குப் பிறகு சில மணி நேரம் மட்டும் மலிவாக விற்பவை ஒரு வகை; பெரும்பாலும் மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கானவை. மாலை 4 முதல் 7 வரை வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் உயர்த்தி, பின்னிரவில் இறக்குபவை இரண்டாம் வகை. ஆக்டோபஸ் நிறுவனத்தின் ஃப்ளக்ஸ் இதற்கு உதாரணம். அரை மணிக்கு ஒரு விலை வைத்து, மறுநாள் விலைகளை முந்தின மாலையே அறிவிப்பது மூன்றாம் வகை. அதே நிறுவனத்தின் அஜைல் அப்படிப்பட்டது. காற்று பலமாக அடிக்கும் இரவுகளில் அதில் விலை பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகும். நெருக்கடியில் யூனிட் ஒரு பவுண்டு வரை ஏறவும் இடமுண்டு.

முதலில் இதன் பலம். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30ஆம் தேதி மூடப்பட்டது. அதற்குப் பிறகு குளிர்கால மாலை உச்சத்தின் பெரும் சுமை எரிவாயு நிலையங்கள் மேல்தான். இரவில் நிரப்பிய பேட்டரி மாலையில் அடுப்பையும் துணி உலர்த்தியையும் ஓட்டினால், அந்த வீடு உச்ச நேரத்தில் கம்பியிலிருந்து எதையும் இழுப்பதில்லை. வீட்டுக்கும் லாபம், மின்தொகுப்புக்கும் லாபம். இரண்டும் ஒரே திசையில் போவது அபூர்வம்; இதை நான் சிறிதாக மதிக்கவில்லை.

லாபம் எங்கே இருக்கிறது, எங்கே இருப்பதுபோல் தோன்றுகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். இரவில் 8 பென்ஸுக்குப் பத்து யூனிட் வாங்குகிறோம்: 80 பென்ஸ். நிரப்பி எடுப்பதில் ஏற்படும் இழப்பு கழிந்து ஒன்பது யூனிட் வெளியே வரும். பகல் விலை 27 பென்ஸ் என்றால், அதை வீட்டிலேயே செலவழித்தால் 243 பென்ஸ் மிச்சம். நிகர லாபம் 163. அதே ஒன்பதை 15 பென்ஸுக்கு விற்றால் கைக்கு வருவது 135. நிகரம் 55, அதாவது யூனிட்டுக்கு 6 பென்ஸ். இப்போது பேட்டரியின் விலையைச் சேருங்கள். 5,000 பவுண்டு கொடுத்து வாங்கிய அந்தப் பத்து யூனிட் பேட்டரி 6,000 முறை நிரம்பி வடியும் என்று வைத்தால், யூனிட்டுக்குத் தேய்மானம் சுமார் 9 பென்ஸ். விற்பதற்காகவே நிரப்பி வடிப்பவர், பில்லில் ஜெயித்துப் பேட்டரியில் தோற்கிறார். பேட்டரி சும்மா கிடந்தாலும் மூப்படையும், ஆகவே ஓட்டுவதே மேல் என்று வாதிப்பார்கள். பாதி சரி. ஆனால் குளிர்காலத்தில் வீட்டுத் தேவையே தினம் ஒரு முறை அதை நிரப்பி வடிக்கும். விற்பனைக்கான ஓட்டம் அதற்கு மேல் ஏறுவது.

திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் கோடையை மனதில் வைத்துக்கொள்கிறார்கள். தென் இங்கிலாந்தில் 4 கிலோவாட் பேனல் ஜூனில் ஒரு நாளைக்குப் பதினாறு, பதினேழு யூனிட் தரும். டிசம்பரில் மூன்று, நான்கு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பேனல் கிட்டத்தட்ட ஒப்புக்குத்தான். அந்த நான்கு மாத பில்லைத் தீர்மானிப்பது இரவு விலை. விற்கும் விலையில் ஒரு பென்ஸ் கூட என்று ஓடுவதைவிட, இரவு விலையும் அதன் மணிக்கணக்கும் பேட்டரியை நிரப்பப் போதுமா என்று பார்ப்பதே புத்தி.

இன்னொரு தலைகீழ் நடக்கிறது. இரவு விலை 8, விற்கும் விலை நாள் முழுக்க 15 என்றால், பேனல் தரும் மின்சாரத்தை அப்படியே விற்றுவிட்டு, பேட்டரியை இரவில் நிரப்புவதே லாபம். சொந்த மின்சாரத்தைச் சொந்த வீட்டில் செலவழிப்பது என்ற பழைய நியாயம் இங்கே செல்லாது. சட்டப்படி இதில் தவறில்லை. ஆனால் மின்தொகுப்புக்கு இதனால் உதவியும் இல்லை. வெயில் நாள் நண்பகலில் எல்லாக் கூரைகளும் ஒரே நேரத்தில் ஊற்றுகின்றன. மொத்தச் சந்தையில் விலை சில நாள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது. அப்போதும் 15 பென்ஸ் கொடுக்கும் கம்பெனி, வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காகக் கொடுக்கிறது. அந்த விலையை நம்பி இன்னொரு பேட்டரி வாங்குவது ஆபத்து. இந்த இடத்தில் ஃப்ளக்ஸ் போன்ற திட்டம் நேர்மையானது: மின்சாரம் தேவைப்படும் மாலையில் அதிகம் தருகிறது, தேவையில்லாத நண்பகலில் குறைவாகத் தருகிறது.

அரை மணி விலை, கொள்கையளவில் எல்லாவற்றையும்விட உண்மையானது. வீட்டில் வைத்து வாழ்வதற்குக் கடினமானது. ஆப் பார்த்துச் சமைக்கும் குடும்பம் அதிக நாள் தாக்குப்பிடிக்காது. 2021, 22ல் எரிவாயு விலை எகிறியபோது அஜைல் அப்போதைய உச்சவரம்பான 35 பென்ஸை மாலை தவறாமல் தொட்டது. பேட்டரியையே கம்பெனியின் கையில் ஒப்படைக்கும் திட்டங்கள் இந்தத் தலைவலியைத் தீர்க்கின்றன. ஆனால் மின்வெட்டுக்கென்று எவ்வளவு இருப்பு வைப்பது என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்ய முடிகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவருக்கும் அடுக்குமாடியில் கூரை இல்லாதவருக்கும் இந்த ஆட்டத்தில் இடமே இல்லை. 2024 பிப்ரவரி முதல் பேனல் இல்லாமல் தனியாக வாங்கும் பேட்டரிக்கும் மதிப்புக் கூட்டு வரி நீக்கப்பட்டது. அந்தச் சலுகையும் கையில் சில ஆயிரம் பவுண்டு உள்ளவருக்கே போய்ச் சேர்கிறது.

பேட்டரிக்கு உத்தரவாதம் பெரும்பாலும் பத்து ஆண்டு; விற்கும் விலைக்கோ வழக்கமாக ஓராண்டு, பல திட்டங்களில் ஒரு மாத முன்னறிவிப்பு. இந்த இடைவெளியை எந்தச் சாமர்த்தியத்தாலும் குடும்பம் மூட முடியாது. ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் தலையிட வேண்டிய இடம் இதுதான்: மாலை நேரத்துக்காவது ஒரு குறைந்தபட்ச கொள்முதல் விலை, அது ஐந்து ஆண்டாவது மாறாது என்ற எழுத்து.