கைமாறிய ஏடுகள்: தமிழ்க் கிறித்தவ உரைநடையில் இரு சபைகளின் கொடுக்கல் வாங்கல்

தமிழ் உரைநடையின் வரலாறு எழுதுவோர் கிறித்தவ சமய நூல்களுக்கென ஓர் இயல் ஒதுக்குவது வழக்கமாயிற்று. அவ்வியலைப் புரட்டுவார் அதன் போக்கை முதற்பக்கத்திலேயே அறிந்துகொள்வர். தமிழில் முதற்கண் அச்சேறிய நூல் எது, முதல் அகராதியை ஆக்கியவர் யார், உரைநடையின் தந்தை என்னும் பெயர் தத்துவ போதகருக்கு உரியதா வீரமாமுனிவருக்கு உரியதா என்பன போன்ற வினாக்களே அங்கு இடம்பெறும். பின்னர்க் கத்தோலிக்கர் தொண்டு எனவும் சீர்திருத்தச் சபையார் தொண்டு எனவும் இரு தலைப்புகள் வரும். அவற்றின்கீழ்ப் பெயர்களும் ஆண்டுகளும் நிரல்பட அடுக்கப்பெறும். முதுகலை மாணவர் இயற்றும் ஆய்வேடுகளும் இவ்வரம்பைக் கடப்பது அரிது. ‘முதல்’ என்னும் சொல்லின்பால் நம்மனோர்க்கு உள்ள வேட்கையை ஈண்டு ஆராயப் புகுந்திலோம். இரு தலைப்பாகப் பகுக்கும் அம்முறை பொருந்துமா என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினா. அச்சபைகள் ஒன்றையொன்று பழித்தன. ஒன்றன் நூலை மற்றொன்று மறுத்தது. இதனை மறுப்பார் இலர். ஆனால் மறுத்தற்கேனும் படித்தல் வேண்டுமன்றோ? படித்தோர் சொற்களை எடுத்துக்கொண்டனர். அச்சொற்கள் பெருகியே தமிழ்க் கிறித்தவ உரைநடை உருப்பெற்றது என்பது நம் கருத்து.

அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் 1578-ஆம் ஆண்டு அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களே உடையது. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. 1586-இல் ‘அடியார் வரலாறு’ என்னும் பெருநூல் அச்சேறியது. இதனை இராசமாணிக்கம் அடிகளார் 1967-இல் மறுபதிப்பாக்கித் தந்தமையால் இன்று நாம் எளிதிற் படிக்க இயல்கின்றது. இந்நூல்களின் நடை முத்துக்குளித்துறை மக்களின் பேச்சுக்கு நெருங்கியது. போர்ச்சுக்கீசியச் சொற்களும் அதன்கண் விரவிக் கிடக்கும். இலக்கணம் கற்றோர் இதனைக் கொச்சை என ஒதுக்கினர். அச்சுக் கலையின் வரலாற்றுக்கு மட்டுமே பயன்படும் எனத் தள்ளினாரும் உளர். இவ்விரு முடிபும் ஒரு செய்தியை மறந்தமையால் விளைந்தவை. கடற்கரை ஊர்களில் எழுத்தறிந்தார் சிலரே; ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டு மனனம் செய்வதே அந்நூல்கள் பயின்ற முறை. ‘கிரீசித்தியானி வணக்கம்’ ஆசிரியனும் மாணாக்கனும் வினவி விடுக்கும் வடிவில் அமைந்ததன் காரணமும் இதுவே. செவிக்கென எழுந்த உரைநடையைக் கண்ணுக்கென எழுந்த உரைநடையின் அளவுகோல் கொண்டு அளத்தல் தகுமா? நடையழகு கருதி இவற்றைப் போற்ற நாம் முன்வரவில்லை. கேட்போர் யாவர் என்பதை ஆசிரியர் தெளிவாக அறிந்து எழுதினார் என்பதையே சுட்டுகின்றோம்.

அடியார் வரலாற்றின் பின் தமிழ் அச்சு பெரும்பாலும் ஓய்ந்தது. பதினேழாம் நூற்றாண்டிற் சில நூல்கள் மலையாளக் கரையில் அச்சாயின எனினும், மதுரைப் பணித்தளத்தின் உள்நாட்டு ஊர்களில் வழங்கியவை பனையோலை ஏடுகளே. தத்துவ போதகர் (1577–1656) இயற்றிய பெருநூல்கள் இவ்வாறு படியெடுக்கப்பெற்றே பரவின. ஏடு படியெடுப்பார்க்குப் புதுச்சொல் இடர் தரும். படித்துப் பழகிய சொல் கைக்கு எளிதாய் வரும். ஆகவே ஏட்டு வழக்கு தானே சொல்லாட்சியை நிலைப்படுத்தும் இயல்பினது. சர்வேசுரன், விசுவாசம், ஞானஸ்நானம் முதலான சொற்கள் ஊர்தோறும் வேரூன்றியமைக்கு இவ்வழக்கு பெருந்துணையாயிற்று. வடசொற் பெருக்கால் அந்நடை கனத்தது என்பார் கூற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும் முத்துக்குளித்துறையின் பேச்சு நடையிலிருந்து கற்றோர் அவையில் வழக்காடத்தக்க நடைக்குக் கிறித்தவத் தமிழ் பெயர்ந்தது அவர் காலத்திலேயே என்பதை உளங்கொள்ளல் வேண்டும்.

இனி நம் வழக்கின் நடுவிடத்துக்கு வருவோம். சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் 1706-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9-ஆம் நாள் கரையிறங்கினார். அவர் உலுத்தரன் சபையினர். தென்மார்க்கு அரசரால் அனுப்பப்பெற்றவர். ஈராண்டு கழிந்து 1708-இல் தம்மிடம் சேர்ந்த தமிழ் நூல்களுக்கு அவர் ஓர் அட்டவணை வகுத்தார். தமிழ்ச் சமயங்களைச் சார்ந்தனவும் இலக்கிய இலக்கணங்களுமாக அதில் 119 நூல்கள் குறிக்கப்பெற்றுள்ளன. நம் அறிஞர் இப்பகுதியையே பெரிதும் எடுத்தாள்வர், அது தக்கதே. ஆனால் அவ்வட்டவணையில் கத்தோலிக்கர் இயற்றிய தமிழ் நூல்களுக்கெனத் தனிப் பகுதி ஒன்று உண்டு. முகம்மதியர் நூல்களுக்கும் ஒரு பகுதி உண்டு. கத்தோலிக்கக் கோட்பாட்டை வன்மையாக மறுக்கும் நெஞ்சுடைய ஒருவர், அவர்தம் ஏடுகளைத் தேடிப் பெற்றார், படித்தார், நூற்பெயரோடு குறித்தும் வைத்தார். கிறித்தவப் பொருளைத் தமிழிற் கூறுதற்குரிய சொற்கள் பலவற்றை அவ்வேடுகளிலிருந்தே அவர் கற்றார்.

இதன் விளைவு அவர்தம் மொழிபெயர்ப்பில் வெளிப்படை. தரங்கம்பாடியில் 1713-இல் தமிழ் அச்சு தொடங்கியது. புதிய ஏற்பாடு 1714-இலும் 1715-இலும் வெளிவந்தது. அதன்கண் இறைவனைக் குறிக்கும் சொல் ‘சருவேசுரன்’ என்பதே. உரோமைச் சபையிலிருந்து பிரிந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலான சபை, தமிழ் மண்ணில் வாய் திறந்தவுடன் உரோமைச் சபையார் ஆக்கி வழங்கிய சொல்லால் இறைவனை அழைத்தது! சீர்திருத்தச் சபையாரின் தமிழ், பழைய கத்தோலிக்கத் தமிழினின்று தனித்துப் பிறந்தது போல எழுதுவோர் இவ்வொரு சொல்லை எங்ஙனம் விளக்குவர் என அறியோம்.

தரங்கம்பாடி நூல்கள் எதிர்த் திசையிலும் சென்றன. அவற்றைக் கூர்ந்து படித்த தமிழ்ப் புலமையாளர் வீரமாமுனிவர் (1680–1747). ‘வேத விளக்கம்’, ‘பேதக மறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ ஆகியவை அப்படிப்பின் பயன்கள். இவற்றைச் சமயப் பூசல் நூல்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றனர் நம் வரலாற்றாசிரியர். பூசல் உண்டு; ஏளனமும் உண்டு; சில விடங்களில் அவ்வேளனம் முனிவர்க்குப் பொருந்தாத அளவு கடுமையானது என்றே கூறுவோம். ஆனால் அவர் கோட்பாட்டை மறுத்ததோடு அமையாமல் தரங்கம்பாடியார் எழுதிய தமிழையும் குறை கூறினார். அயல்மொழிக் கருத்தைப் பெயர்க்கும்போது தமிழ்த்தொடர் எவ்வாறு அமைதல் வேண்டும், எச்சொல் செவிக்குத் தகும், எச்சொல் நகைக்கு இடமாகும் என்னும் ஆராய்ச்சிக்கு இதன்கண் விதை உள்ளது. மொழிபெயர்ப்புத் திறனாய்வின் தோற்றத்தை ஆராய்வோர் இப்பூசல் நூல்களைப் புறக்கணித்தல் ஆகாது.

வீரமாமுனிவர்க்கு அச்சகம் இல்லை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. தரங்கம்பாடியார் தாளில் அச்சிட்டுப் பரப்ப, இவர் நூல்கள் ஓலையில் உலவின. ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் அவர்தம் உரைநடை நூலை இந்நிலையோடு பொருத்திக் காணல் வேண்டும். வேதியர் என்பது ஈண்டு அந்தணரைக் குறியாது. வேதம் கற்பிக்கும் உபதேசியாரைக் குறிக்கும். குருக்கள் சிலராய் ஊர்கள் பலவாய் இருந்த அக்காலத்தில் சபையின் அன்றாட வாழ்வைத் தாங்கினவர் இவரே. நோயாளியைக் காண்பவர், சிறார்க்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பவர், ஞாயிறுதோறும் ஏடு வாசிப்பவர் எல்லாம் அவரே. எனவே அந்நூல் வாசிப்போர்க்கென எழுதப்பெற்ற நூல். படித்ததைப் பிறர்க்குப் பகிர்ந்தளிக்கும் தொழிலுடையாரை முன்னிலைப்படுத்தி அறிவுறுத்துவது. தேம்பாவணியின் செய்யுள் வளத்தில் மயங்கியோர் இவ்வுரைநடையின் அருமையைக் காணத் தவறினர். புணர்ச்சி விதிகளைக் கைவிடாமலும் கேட்போர் மூச்சு முட்டாமலும் தொடர்களை நீட்டும் திறம் இதன்கண் உண்டு. அக்காலத் தமிழ் உரைநடையில் உரையாசிரியர் நடையும் பேச்சு நடையும் சந்தித்த இடம் இதுவே எனக் கூறத் துணிகின்றோம். அதே ஆசிரியரின் பரமார்த்த குரு கதை பெற்ற புகழில் நாலில் ஒரு பங்கும் இந்நூல் பெறாமை வியப்பே.

இரு சபையும் ஒன்றன் நூலை ஒன்று பயன்கொண்டமைக்கு இதனினும் சிறந்த சான்று 1738-ஆம் ஆண்டைச் சார்ந்தது. வழக்குத் தமிழுக்கு வீரமாமுனிவர் இலத்தீன் மொழியில் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணம் அவ்வாண்டு அச்சாயிற்று. அச்சிட்டது எவ்விடம்? தரங்கம்பாடிப் பணித்தளத்தின் அச்சகம்! தம் தமிழை நகைத்தவரின் நூலைக் கொண்டே தம்மவர் தமிழ் கற்றல் வேண்டும் என உலுத்தரன் சபையார் முடிவுசெய்தனர். அதுவும் அவர் உயிரோடிருந்த காலத்திலேயே. அவர் கூறிய குறை ஒரு பகுதியேனும் உண்மை என்பதை வாயாற் கூறாமல் அச்சால் ஒப்புக்கொண்டனர் போலும்.

சொற்களைக் கடன் கொள்வது வசதி பற்றியது. அதனால் சபைகள் நெருங்கின எனக் கொள்ளல் மிகை என ஒரு தடை எழலாம். தடை வலியுடையது. நெருங்கியதற்குச் சொல் சான்றாவது போலவே விலகியதற்கும் சொல்லே சான்று. பாப்ரீசியசு ஐயர் பெயர்ப்பில் (புதிய ஏற்பாடு 1772) சருவேசுரன் நீங்கிப் ‘பராபரன்’ அமர்ந்தது. உலுத்தரன் சபைத் தமிழ் தனக்கென ஓர் அடையாளம் கொண்டது இச்சொல்லால் எனலாம். வியப்பு யாதெனின், விலகுதற்கெனத் தேர்ந்த அச்சொல்லும் பிறர் உடைமையே. தாயுமானவரின் பராபரக்கண்ணியால் சைவர் உள்ளத்தில் ஊறிய சொல் அது. பாப்ரீசியசும் தாயுமானவரும் ஒரே நூற்றாண்டினர். ஆகவே இங்கும் ஏடு கைமாறியதா, அன்றி மக்கள் நாவில் வழங்கிய சொல் மொழிபெயர்ப்பில் ஏறியதா என்பது தனியே ஆராயத்தக்கது. இலங்கையில் பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழ்க் குருவானவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1759-இல் கொழும்பில் வெளிவந்தது. தாய்மொழியாளர் ஆக்கிய அது தமிழகத்தில் பாப்ரீசியசு பெயர்ப்பின் இடத்தைப் பெறவில்லை. புலமை மட்டும் ஒரு மறைநூலை மக்கள் நூலாக்காது போலும்.

பாப்ரீசியசின் நூல் பெற்ற இடம் எத்தகையது என்பதை அதனைத் திருத்த முனைந்தோர் அறிந்தனர். இரேனியசு ஐயர் எளிய தமிழிற் புதிய ஏற்பாட்டைத் திருத்தி 1833-இல் வெளியிட்டார். இலக்கண நோக்கில் அவர் நடை செப்பமானது. இன்று படிப்பார்க்கும் தெளிவானது. ஆயினும் தஞ்சைச் சபையார் அதனை ஏற்க மறுத்தனர். எதிர்ப்பின் முன்னணியில் நின்றவர் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாத்திரியார். இவ்வெதிர்ப்பைப் பழமைப் பற்று எனக் கடிதல் எளிது. கீர்த்தனையும் குறவஞ்சியும் பாடிப் பழகிய ஒருவர்க்கு மறைநூலின் ஓசை மாறுவது பொருள் மாறுவதினும் பெரிதாய்ப் படும் என்பதை நாம் உணர்தல் வேண்டும். மேலே கூறிய ‘செவிக்கென எழுந்த உரைநடை’ என்னும் கருத்தை ஈண்டு மீண்டும் கொள்க. மூன்று தலைமுறை கேட்டுப் பழகிய தொடர், பிழையுடையதாயினும் அச்சபையின் தாய்மொழி ஆகிவிடுகின்றது.

பெர்சிவல் பாதிரியாரின் பெயர்ப்பு (1850) ஆறுமுக நாவலரின் துணையால் உருவாயிற்று. ‘தேவன்’ என்னும் சொல் அதன்கண் வந்தது. பவர் ஐயர் தலைமையில் 1871-இல் முற்றுப்பெற்ற பெயர்ப்பு அச்சொல்லை நிலைநாட்டியது. நாவலர் இதனாற் பெற்றது யாது என்பது வேறு கட்டுரைக்கு உரியது. வினாவிடையும் பாலபாடமும் சொற்பொழிவும் சைவத்துக்கு ஆயுதங்களான வகையை அறிவார்க்கு அதனை விரித்துக் கூறல் வேண்டா.

இருபதாம் நூற்றாண்டில் ‘கடவுள்’ அவ்விடத்தைப் பற்றியது. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடி ஆக்கிய ‘திருவிவிலியம்’ வெளிவந்தது. ஞானஸ்நானத்துக்கு அதில் ‘திருமுழுக்கு’ என்பது ஆட்சி. சீகன்பால்கு ஐயர் ஏடு தேடிய நாள்முதல் மறைவாய் நடந்துவந்த கொடுக்கல் வாங்கல் ஒரே நூலின் அட்டைக்குள் வெளிப்படையாய் நிகழ்ந்தது இப்போதே. கத்தோலிக்கர் கோயில்களில் அந்நூலே வாசிக்கப்பெறுகின்றது. சீர்திருத்தச் சபைகள் பலவற்றிலோ அதனை ஆக்குவதில் தம்மவர் பங்குகொண்டிருந்தும், ஞாயிற்றுக்கிழமை வாசகத்தில் இன்றும் ஒலிப்பது ‘தேவன்’ என்பதே.