இரட்டுற மொழியும் நிழற்படம்

ஒரே சொற்றொடர் இரு பொருளுக்கும் இடந்தந்து நிற்பதைத் தமிழில் சிலேடை என்றும் இரட்டுற மொழிதல் என்றும் வழங்குகிறோம். காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் வைத்துப் பாடியதைப் பள்ளி மாணவரும் அறிவர். அவ்வெண்பாவின் பெருமை, பாம்பும் எள்ளும் ஓரிடத்தில் வந்து சேர்ந்ததில் இல்லை. பாம்புக்குச் சொன்ன சொல்லே எள்ளுக்கும் சொல்லாகி, ஒன்றை நீக்கினால் மற்றதும் சுவையிழக்கும்படி அமைந்ததில் இருக்கிறது. அரபு அணியிலக்கணத்தார் ‘தவ்ரியா’ என்று ஒன்றைக் கூறுவர். அங்கே நெருங்கிய பொருள் முன்னே நிற்கும்; கவிஞன் கருதிய தொலைப் பொருள் அதன் பின்னே மறைந்திருக்கும். நிழற்படக் கலையில் ‘டபுள் எக்ஸ்போஷர்’ எனப்படும் இரட்டைப் பதிவை இவ்விரு அளவுகோல்களாலும் அளந்து பார்ப்போம்.

பிலிம் சுருள் கேமராவை இளைஞர் சிலர் மீண்டும் கையிலெடுத்திருக்கும் காலம் இது. ஒரே சட்டகத்தில் இருமுறை ஒளியை விழச் செய்து, இரு காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்த் தோன்றும் படங்களை அவர்கள் எடுக்கின்றனர். பார்ப்பவர் ‘அற்புதம்’ என்று சொல்லிக் கடந்துவிடுகின்றனர். எது கவிதை, எது தற்செயல், எது பொய் என்று பிரித்துச் சொல்வது திறனாய்வின் கடமையன்றோ?

முதலில் தொழிலை அறிவோம். நம் நாட்டுக் குடும்பங்களில் ஒரு காலத்தில் பெரிதும் புழங்கிய ஆக்பா கிளிக் 3 போன்ற பெட்டிக் கேமராக்களில் ஷட்டரை அழுத்துவது ஒரு வேலை. பிலிமைச் சுற்றுவது தனி வேலை. சுற்ற மறந்தால் இரு படங்கள் ஒன்றாகிவிடும். அன்று அது பிழை. பின்வந்த தானியங்கிக் கேமரா அந்தப் பிழைக்கு வழி வைக்கவில்லை. ஒரு படம் எடுத்தவுடன் மோட்டார் தானே பிலிமை நகர்த்திவிடும். 1983-ல் கோடாக் நிறுவனம் டி.எக்ஸ். குறியீட்டைக் கொண்டுவந்த பிறகு, பிலிமின் வேகத்தையும் பல கேமராக்கள் உறையின் கட்டங்களைத் தொட்டுத் தாமே படித்துக்கொண்டன. ஆகவே இரட்டைப் பதிவுக்கென்று தனிப் பொத்தான் இல்லாத தானியங்கியில் இதனைச் செய்ய விரும்புவோர் இயந்திரத்தின் தீர்ப்பை மீறியே ஆகவேண்டும்.

மீறும் வழி இது. சுருளைப் போடும்போதே, பிலிமின் ஓரத்துளை கேமராவின் பல்லில் பொருந்தும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ள வேண்டும். சுருள் முழுவதும் எடுத்து முடிந்து உறைக்குள் திரும்பியபின், அதன் முனையை அதற்குரிய மெல்லிய கருவியால் வெளியே இழுத்து, அதே குறியில் மீண்டும் பொருத்தினால் சட்டகங்கள் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று விழும். இருமுறை விழும் ஒளி கூடிப்போகும் என்பதால், 100 வேகப் பிலிமை 200 என்று கொண்டு ஒவ்வொரு முறையும் பாதி ஒளி தருவதே முறை. வேகத்தை மாற்ற இடமில்லாத கேமராவாயின், நெகடிவ் பிலிம் இருமடங்கு ஒளியைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஸ்லைடு பிலிம் தாங்காது.

இவற்றினும் முதன்மையான விதி ஒன்றுண்டு. முதற்பதிவில் எங்கே இருள் இருக்கிறதோ அங்கேதான் இரண்டாம் பதிவு குடியேற முடியும். வெளிறிய வானத்தின்மேல் எதை எழுதினாலும் அது விழுங்கப்பட்டுவிடும். எனவே முதற்படம் எடுப்பவன், வரப்போகும் பொருளுக்கு இருளில் இடம் ஒதுக்கி வைக்க வேண்டும். வெண்பாவில் இரண்டாம் பொருளுக்கு இடம்விட்டுச் சொல்லைத் தேர்வதும் இதுவே.

புதுவையின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூரை எடுத்துக்கொள்வோம். பெண்ணையாற்றுச் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே நீர்பெறும் பெரிய ஏரி அங்கே உண்டு. கோடையில் வெடித்த ஏரித் தரையையும் மார்கழியில் நிறைந்த நீரையும் ஒரே சட்டகத்தில் காட்டலாம் என்று ஒருவர் எண்ணக்கூடும். கருத்து நன்று; ஆனால் படம் நில்லாது. வெயிலில் தரையும் வெளிச்சம், நீரும் வெளிச்சம். இரண்டும் கலந்து சாம்பல் நிறக் குழப்பமே மிஞ்சும். அதே கருத்தை வேறு வகையில் முயலலாம். கோடை மாலையில், பிளாஷை நிறுத்திவிட்டு, வானத்துக்கு எதிரே நிற்கும் மதகை எடுத்தால், தானியங்கி வானத்தின் ஒளியையே அளந்து மதகைக் கருநிழலாக்கிவிடும். அச்சுருளை ஈரமும் வெப்பமும் அணுகாமல் வைத்திருந்து, மார்கழியில் ஏரி நீரை அதன்மேல் பதிந்தால், மதகின் வடிவத்துக்குள்ளேயே நீர் அலையும். மதகு நீருக்காகக் கட்டப்பட்டது. நீரோ கோடையில் இல்லாதது. இங்கே ஒன்றை நீக்கினால் மற்றதும் பொருளிழக்கிறது. இதுவே இரட்டுற மொழிதல். தொலைவில் நின்று பார்ப்பவருக்கு மதகு மட்டும் தெரிந்து, அணுகிய பின்னரே நீர் தெரியுமாயின் தவ்ரியாவின் சுவையும் அதனுடன் கூடும்.

இனி உண்மை, பொய் பற்றிய வினாவுக்கு வருவோம். ஒளி பொய் சொல்வதில்லை. பதினோராம் நூற்றாண்டு அறிஞர் இப்னுல் ஹைஸம் தம் ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் ஒரு சோதனையை விளக்குகிறார். ஒரு துளைக்கு எதிரே பல விளக்குகளை வெவ்வேறிடங்களில் வைத்தால், இருட்டறைக்குள் ஒவ்வொரு விளக்கின் ஒளியும் தனித்தனியே விழுகிறது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய ஒளி மட்டுமே மறைகிறது. அத்தனை ஒளியும் ஒரே துளை வழியே சென்றும் அவை தம்முள் கலக்கவில்லை. இரட்டைப் பதிவிலும் அப்படியே. துளையில் எதுவும் கலப்பதில்லை. வெவ்வேறு காலத்து ஒளிகளை ஒரே பிலிமில் ஏற்றிக் கலப்பவன் மனிதன். ஆகவே பொறுப்பும் அவனுடையதே.

அப்பொறுப்பை ஏற்றவரும் உண்டு, ஏய்த்தவரும் உண்டு. 1940-ல் வெளிவந்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பா இரு வேடங்களில் தோன்றினார். லென்சின் ஒரு பாதியை மறைத்து எடுத்து, பிலிமைத் திருப்பி, மறுபாதியை எடுப்பது திரைத்தொழிலில் இரட்டை வேடத்துக்குக் கைகொடுத்த பழைய முறை. திரையில் நிற்கும் இருவரும் ஒரே நடிகர் என்பதைக் கொட்டகையில் இருந்தவர் அனைவரும் அறிவர், அறிந்தே மகிழ்ந்தனர். அமெரிக்காவில் வில்லியம் மம்லர் என்பவரோ, இறந்தோரின் ஆவி அருகே நிற்பதாகத் தோன்றும் படங்களைத் துயருற்றோர்க்கு விற்றார். 1869-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் அவர்மேல் மோசடி வழக்கு நடந்தது. போதிய சான்றின்றி விடுவிக்கப்பட்டார். இருவர் படங்களிலும் தந்திரம் உண்டு. பார்ப்பவரிடம் தந்திரத்தை ஒப்பினாரா, ஒளித்தாரா என்பதிலேயே கலையும் வஞ்சனையும் பிரிகின்றன.

நம் ஊர்களில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வழக்கம் உண்டு. மணமக்கள் படத்தில், முன்பே மறைந்த தந்தையின் முகத்தைச் சேர்த்துத் தரும் வழக்கம் அது. இதனை நாம் வஞ்சனை என்று சொல்லத் துணியோம். சுவரில் அதை மாட்டும் வீட்டார் உண்மையை அறிவர். அது அவர்களின் ஏக்கத்துக்கு ஓர் உருவம். ஆனால் படம் அந்தச் சுவரைவிட்டு இறங்கும் நாள் ஒன்று வரும். புதுச்சேரியில் 1955-ல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழகத்து ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி எண்ணிமப்படுத்தும் பணியை பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு மேற்கொண்டது. அத்தகைய தொகுப்பில் நம் வீட்டுப் படம் சென்று சேருமாயின், அதைக் காணும் அந்நியருக்கு அந்தத் தந்தை மகன் திருமணத்தில் உயிரோடு நின்றவராகவே தோன்றுவார். வீட்டார்க்கு ஏக்கமாக இருந்தது வரலாற்றுக்குப் பொய்ச்சாட்சியாகிவிடும்.

வில்லியனூர்த் தேர்த் திருவிழாவும் இத்தகையதே. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னர் வடம்பிடித்த வழக்கம், 1954-ல் ஆட்சி மாறிய பின்னும் துணைநிலை ஆளுநரிடம் தொடர்கிறது. பழைய வடத்தையும் புதிய வடத்தையும் ஒரே சட்டகத்தில் பதிபவன் நல்ல சிலேடை ஒன்றைச் செய்தவனாவான். அப்படமே விளக்கமின்றி ஒரு நூலில் அச்சேறினால், இரு காலத்து மனிதர் ஒரே நாளில் ஒரே தெருவில் நின்றதாக அடுத்த தலைமுறை நம்பும்.

ஹதீஸ் கலையினர் இந்த ஆபத்தை நன்கறிந்தவர்கள். அறிவிப்பாளர் விளக்கமாகச் சேர்த்த சொல், மூல வாசகத்தோடு பிரிவு தெரியாமல் கலந்துவிட்டால் அதனை ‘முத்ரஜ்’ என்று பெயரிட்டுப் பிரித்தெடுத்தனர். சேர்த்தவர் நல்லெண்ணத்தோடு சேர்த்திருப்பினும், எது மூலம், எது சேர்க்கை என்று காட்டும் கடமையை அவர்கள் தளர்த்தவில்லை. நிழற்படத்துக்கும் இந்த ஒழுங்கு வேண்டும்.

ஆகவே இக்கலையில் ஈடுபடும் இளைஞரிடம் நாம் வேண்டுவன அதிகமில்லை. இரு காட்சிகள் தற்செயலாகக் கலந்த படத்தை நண்பரிடம் காட்டி மகிழுங்கள். கவிதை என்று அரங்கேற்றாதீர்கள். முதற்பதிவில் இருளுக்கு இடம் வைத்து, இரண்டாம் பொருளைத் தேர்ந்து வையுங்கள். படம் கைக்கு வந்ததும், அதன் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் இரு பதிவுகளின் நாளையும் ஊரையும் எழுதிவையுங்கள். ‘மதகு, பாகூர், சித்திரை, நீர், பாகூர், மார்கழி’ என்ற ஒரு வரி போதும். படத்தின் அழகு அதனால் குறையாது. நூறாண்டு கழித்து அதைக் கையிலெடுப்பவரும் ஏமாறமாட்டார்.