மறைமொழியும் மனையறமும்

மறைநூலுக்கு இருப்பிடங்கள் இரண்டு. ஒன்று கோயில், மற்றொன்று வீடு. கோயிலில் அது ஓதப்படுகிறது. வீட்டில் அது சோதிக்கப்படுகிறது. ஞாயிறன்று செவியில் விழுந்த சொல் திங்களன்று அலுவலகத்திலும் அங்காடியிலும் அடுக்களையிலும் என்ன ஆகிறது? சமய வாழ்வு வாழ விரும்பும் எவரும் இவ்வினாவினின்று தப்ப இயலாது. கிறித்தவ மறையைத் தமிழில் பாடிய புலவர்கள் இதற்கு எவ்வாறு விடை கண்டனர் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

கிறித்தவத் தமிழ் இலக்கியத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் யாப்பையும் அணியையும் போற்றி நின்றுவிடுகின்றனர். கம்பனின் சாயல் எங்கே, தேவாரத்தின் ஓசை எங்கே என்று தேடுகின்றனர். அத்தேடல் பயனுடையதே. எனினும் விவிலியத்திற்கே உரிய ஓர் இயல்பை அது காணாமற் போகிறது. இயேசு பெருமான் இறையாட்சியையும் அதற்குரிய வாழ்வையும் விளக்க எடுத்தாண்ட உவமைகளை எண்ணிப் பார்ப்போம். மாவிற் புளிப்பைப் பிசைந்து வைக்கும் பெண். தொலைந்த வெள்ளிக்காசைத் தேடி விளக்கேற்றி வீட்டைப் பெருக்கும் பெண். கந்தையில் ஒட்டுப்போட்ட புதுத்துணி. மரக்காலின்கீழ் மூடிவைக்கத் தகாத விளக்கு. நள்ளிரவில் கதவைத் தட்டி அப்பம் கேட்கும் நண்பன். மாலையில் கூலிக்குக் காத்து நிற்கும் தொழிலாளர். இவை யாவும் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்தவை. வீட்டிலிருந்து எடுத்த சொல்லை மீண்டும் வீட்டுக்குக் கொண்டு சேர்த்த புலவர் யார்? இதனையே நாம் உரைகல்லாகக் கொள்வோம்.

முதலில் தேம்பாவணி. இத்தாலியிலிருந்து வந்து தமிழராகவே வாழ்ந்த வீரமாமுனிவர் 1726ஆம் ஆண்டில் இயற்றிய இக்காப்பியம் 3615 பாடல்களைக் கொண்டது. இதன் தலைவர் சூசையப்பர். முனிவர் அவருக்கு வளன் எனத் தமிழ்ப்பெயர் சூட்டினார். இத்தேர்வு எத்துணை அரியது! போர்வீரரை விடுத்துத் தச்சர் ஒருவரை, மனைவியையும் குழந்தையையும் உழைத்துக் காத்த இல்லறத்தாரைக் காப்பியத் தலைவராக்கினார் முனிவர். ஆயினும் காப்பிய மரபு தன் வேலையைச் செய்துவிடுகிறது. நாட்டு வளமும் நகர் வளமும் வருணனைகளும் பெருக்கெடுத்து ஓடும் அந்நடையில், உளியும் இழைப்புளியும் கிடந்த தச்சுக்கூடம் சற்றே மறைந்து போகிறது. இல்லறத்தாரைத் தேர்ந்தெடுத்த முனிவர், அவரை அரச மாளிகைக்குரிய மொழியில் நிறுத்தினார் எனலாம்.

அடுத்து இரட்சணிய யாத்திரிகம். நெல்லை மாவட்டத்துக் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடியில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1858இல் திருமுழுக்குப் பெற்றார். பாத்திரம் செப்பனிடும் தொழிலினரான ஜான் பனியன் ஆங்கிலத்தில் 1678இல் வெளியிட்ட பயணக்கதையைத் தழுவி அவர் பாடிய பெருங்காப்பியம் 1894இல் வெளிவந்தது. கம்பனில் தோய்ந்த அவர் உள்ளம், மூலத்தில் விரிவாக இல்லாத கிறித்துவின் பாடுகளை இடையே வைத்துப் பாடும்போது கல்லும் கரையும். குற்ற உணர்வை முதுகிற் சுமந்த மனிதன், அச்சுமை இறங்கும் இடத்தைக் காணும் கதை அது. மன்னிப்பின் இனிமையை இத்துணை ஆழமாகப் பாடிய தமிழ்க் காப்பியம் பிறிதொன்று காண்டலரிது.

ஆனால் நம் உரைகல்லில் உரைக்கும்போது ஒன்று தோன்றுகிறது. இக்கதையின் பயணி வீட்டை விட்டுப் புறப்பட்டவன். அவனுக்கு வீடு, கடந்து செல்ல வேண்டிய இடம். பனியனே இக்குறையை உணர்ந்தாற்போல, 1684இல் இரண்டாம் பகுதி எழுதி, மனைவியையும் மக்களையும் அதே வழியில் நடக்கச் செய்தார். உள்ளத்தின் பயணத்திற்கு உருவகம் ஏற்ற கருவியே. எனினும் வாடகை கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மேலதிகாரிக்கு விடை கூறி வாழ்பவன், தன் நாளை அவ்வழியின் எப்பகுதியில் வைப்பது என அறியாது மயங்குதல் இயல்பு.

இவ்விடத்தே நாம் மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நாடுகிறோம். திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து 1889இல் மறைந்தவர் இவர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாகப் பணியாற்றினார். தரங்கம்பாடியே சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்த ஊர். மறைமொழி தமிழில் அச்சான அதே ஊரில், ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அம்மறையை நம்பிய தமிழர் ஒருவர் நீதிபதியின் நாற்காலியில் அமர்ந்தார். அச்சிலிருந்த சொல் நாற்காலியில் என்ன ஆயிற்று?

1859இல் வெளிவந்த நீதிநூலை எடுத்துக்கொள்வோம். அதில் கைக்கூலியைக் கடியும் அதிகாரம் ஒன்று உண்டு. கையூட்டு நீதிபதியின் கண்ணை மறைக்கும் என மோசேயின் சட்டம் எச்சரிக்கிறது. வேதநாயகரோ அச்சட்டத்தின் பெயரைச் சொல்லி அறையவில்லை. நீதிமன்றத்தின் உள்ளேயிருந்து பேசுகிறார். வழக்காடுவோர் நடமாடும் இடத்தில் நாள்தோறும் இருந்தவர் கைக்கூலியைப் பற்றிப் பாடும்போது, அப்பாடலுக்குப் பொருள் அவர் தொழிலே. தாய் தந்தையரைப் பேணல், பெண்களைப் படிப்பித்தல், பொய், புறங்கூறல் என்று நூல் வீட்டின் ஒவ்வோர் அறையிலும் நுழைகிறது. எச்சமயத்தாரும் தமதெனக் கொள்ளத்தக்க சொற்களையே அவர் ஆண்டார்.

அறம் பாடியவர் அறத்தில் நின்றாரா என்னும் வினாவுக்கும் விடை உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில் பசித்தோர்க்கு அவர் தம் பொருளை வழங்கினார். சைவராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவர் வள்ளன்மையைப் போற்றிக் கீர்த்தனம் பாடினார். பசித்தவனுக்கு இட்டது தமக்கே இட்டது என்று கூறிய பெருமானின் அடியவர்க்கு, வேற்றுச் சமயத்தார் வாயால் கிடைத்த இச்சான்றினும் சிறந்த உரை வேறில்லை.

1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதல் நாவல் என்பது யாவரும் அறிந்தது. நீதிநூல் முதலியவற்றிற் கூறிய அறங்களை எடுத்துக்காட்டுகளால் விளக்குதலும் இதன் நோக்கம் என ஆசிரியர் முன்னுரையிற் கூறுகிறார். இதன் தலைமக்கள் கிறித்தவர் அல்லர். ஆயினும் கூர்ந்து நோக்குவார்க்கு ஒரு காட்சி புலப்படும். செல்வர் வீட்டுப் பிள்ளையாகிய பிரதாபன் பாடத்திற் பிழை செய்யும்போது, அவனுக்குரிய அடியை உடன்படிக்கும் கனகசபை ஏற்கிறான். ஒருவன் பிழைக்கு மற்றொருவன் அடிபடுதல்! ஆசிரியர் இங்கே சமயக் கருத்து எதனையும் விரிக்கவில்லை. நகைச்சுவை தோன்றச் சொல்லிச் செல்கிறார். மறையறிந்த வாசகர் மட்டும் ஒரு கணம் நின்று, பின் படிப்பார். பிரம்படிக்குள் இத்துணைப் பெரிய செய்தியை வைத்தற்கு இடமுண்டு என்பதை இந்நாவல் காட்டிவிடுகிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. கதை அடிக்கடி நின்று சொற்பொழிவுக்கு வழிவிடுகிறது. ஞானாம்பாள் பிழையற்ற பெண்; ஆகவே அவளிடம் அறிவு உண்டு, துணிவு உண்டு, கண்ணீரோடு மன்னிப்பை நாடும் நிலை இல்லை. ஊதாரி மகனை ஓடிச்சென்று தழுவும் தந்தையின் கதையே விவிலியத்தின் நெஞ்சம் எனக் கொள்வார், வேதநாயகரிடம் அந்நெஞ்சத்தின் துடிப்பு மெல்லவே கேட்கிறது என்பர். அக்கூற்று உண்மையே. அவரிடம் கடமை ஓங்கியிருக்கிறது. கிருஷ்ண பிள்ளையிடம் அருள் ஓங்கியிருக்கிறது.

மறையின் பெயரையே கூறாத நூலை மறையிலக்கியம் எனலாமா என்று வினவுவாரும் உளர். தேவமாதா அந்தாதி முதலிய நூல்களில் அவர் தம் நம்பிக்கையை வெளிப்படப் பாடியே உள்ளார். ஏனைய நூல்களைப் பொறுத்தவரை, சீடரை உப்புக்கு ஒப்பிட்ட மறையின் உவமையே போதிய விடை. குழம்பில் உப்பைக் கண்ணால் கண்டவர் யார்? நாவே அறியும்.

இம்மதிப்பீடு, தமிழகத்துக்கு வெளியே மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நமக்கு ஒரு தனிப்பொருள் உடையது. நம் கிறித்தவ இல்லங்களில் மாலைச் செபமும் மறைவாசிப்பும் இன்றும் தமிழில் நிகழ்கின்றன. ஆனால் செபம் முடிந்ததும் பிள்ளைகள் வேறு மொழிக்கு மாறிவிடுகின்றனர். தேர்வைப் பற்றிய அச்சத்தை ஒரு மொழியிலும், தோழனோடு நேர்ந்த பிணக்கை மற்றொரு மொழியிலும் பேசும் பிள்ளைக்கு, தமிழ்மறை பேழையுள் மடித்துவைத்த பட்டாடை போன்றது. பார்க்க அழகு, அன்றாடம் உடுக்க வராது. இங்கே இழப்பு இரட்டிப்பாகிறது: மொழியும் வாழ்வினின்று விலகுகிறது, மறையும் விலகுகிறது. இந்து இல்லங்களில் திருவாசகத்துக்கும் திருப்பாவைக்கும் நேர்வது இதுவே அன்றோ?

வழக்கிற்குரியவனுக்கே விளங்காத மொழியில் வழக்கு நடத்தல் தகாது எனத் தம் நாவலில் வாதாடியவர் வேதநாயகர். 1862இலேயே சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என வெளியிட்டவரும் அவரே. தீர்ப்பு, தீர்ப்புப் பெறுபவனுக்கு விளங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மறைக்கும் அதுவே பொருந்தும்.

எனவே தமிழன்பர்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கிருஷ்ண பிள்ளையைப் பாடக் கேட்போம். வேதநாயகரை வீட்டிற் படிப்போம். வாரம் ஓர் இரவு, பிரதாப முதலியார் சரித்திரத்தில் ஓர் அதிகாரத்தையோ நீதிநூலில் நான்கு பாடல்களையோ பிள்ளைகளைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்வோம். படித்தபின், அவ்வாரம் பள்ளியில் நேர்ந்த பிணக்கையோ அலுவலகத்தில் எழுந்த இடரையோ அதனருகில் வைத்துத் தமிழிலேயே பேசுவோம். பொய் சொன்ன பிள்ளை தன் வாயால் அதைத் தமிழிற் கூறி, தந்தை அதைப் பொறுத்துக்கொள்ளும் நாளில், புலவர் இருவரும் பாடியது அவ்வீட்டிற்குள் வந்து சேரும்.